பாலை மரத்தடியில் கட்டிய வலை

பெற்றோல் வரிசை வருசத்து ஆவணி மாதம். உச்சி வெயில். மடு மாதா கோயில் வளவில், ஒரு பெரிய பாலை மரத்தின் கீழே கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மரத்தின் ஒரு பக்கம் எங்கள் கூடாரம். மறுபக்கம் நான்கு தடிகள் நட்டு, பழைய பச்சை நைலோன் வலையைச் சுற்றிக் கட்டிப் பிடித்து வைத்த இடம். அதற்குள் ஒரு பாயும் ஒரு தண்ணீர்க் குடமும் மட்டும் இருக்கின்றன. ஆள் இல்லை.

வலைக்கு வெளியே, வெயிலில், கைக்குழந்தையோடு ஒரு பெண் நிற்கிறாள். மூன்றாவது நாளாக நிற்கிறாள்.

இந்தக் காட்சியை எழுதாமல் தப்பிக்கலாம் என்றுதான் போன சில வாரங்களாக இந்தப் பத்தியில் தபால் கந்தோர்ப் பூனையைப் பற்றியும், விலாசம் இல்லாமல் வந்த பார்சலைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தேன். என் கணவர் அந்தோனி ஒவ்வொரு வாரமும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, “அதை எப்ப எழுதப்போறாய்?” என்று கேட்பார். கேட்டுக் கேட்டு என்னை ஒரு வழி பண்ணிவிட்டார். எழுதிவிடுகிறேன்.

சிவப்பு நாட்கள்

மன்னார்க் கடற்கரை ஊரான அரிப்பில் உப தபால் கந்தோரை முப்பது வருசத்துக்குக் கிட்ட நடத்தியவள் நான். எங்கள் நாட்டுக் கலண்டரில் சிவப்பு நாட்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு சிவப்பு நாளும் யாருக்குச் சொந்தம் என்பது மற்றவர்களைவிட தபால்காரிக்கு முன்னதாகவே தெரியும்.

நத்தார் என்கிற கிறிஸ்துமசுக்கு இரண்டு கிழமைக்கு முன்பே கார்டுகள் வந்து மேசையை மூடிவிடும். தைப்பொங்கலுக்கு முதல் நாள் ஊருக்குக் காசு அனுப்புகிறவர்களின் கூட்டம். நோன்புப் பெருநாள் முடிந்த மறுநாள் முசலிப் பக்கத்திலிருந்து ஓய்வூதியம் எடுக்க வருகிற ஒரு தாத்தா, சில்வர் கிண்ணத்தில் வட்டிலப்பம் கொண்டுவந்து கவுண்டரில் வைப்பார். “முத்திரை ஒட்டாம வந்த பார்சல், மகள்” என்று ஒவ்வொரு வருசமும் அதே பகிடியைச் சொல்வார். நானும் ஒவ்வொரு வருசமும் சிரிப்பேன். வட்டிலப்பத்துக்காகச் சிரித்தேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

புத்தர் பிறந்த வெசாக் போயாவுக்கு நேவிக்காரர் முகாம் வாசலில் காகிதக் கூடு கட்டி விளக்கேற்றி, போகிற வருகிறவர்களை மறித்துக் குளிர்பானம் கொடுப்பார்கள். எங்கள் சனம் முதல் இரண்டு வருசம் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதித்துப் போனார்கள். மூன்றாம் வருசம் வெயில் அதிகம். நின்று குடித்தார்கள்.

சுதந்திர தினத்தன்று கந்தோரில் கொடி ஏற்ற வேண்டும். எங்கள் கொடிக்கம்பத்தின் கயிறு கடற்காற்றில் உப்பேறிப் பாதியில் இறுகிக்கொள்ளும். அந்தோனியைக் கூப்பிட்டு, வள்ளத்துக் கயிறு இழுப்பதுபோல இழுக்க வைத்துத்தான் மேலே ஏற்றுவேன். அவர் அதைப் பற்றி என்ன நினைத்தார் என்று நான் கேட்டதில்லை.

எங்களுக்கென்று உள்ள பெரிய திருநாள் ஒன்று மட்டும் கலண்டரில் சிவப்பில்லை. அது மடு மாதாவின் ஆவணித் திருவிழா. அரசாங்கம் லீவு தராது. நான் எடுத்துக்கொள்வேன். என் கோப்பில் ஒவ்வொரு ஆவணியும் ‘சுகவீனம்’ என்று இருக்கும். மேலதிகாரி ஒரு முறை, “உங்களுக்கு வருசத்தில ஒரே கிழமையிலதான் வருத்தம் வருது” என்றார். அவரும் மடுவுக்குப் போகிறவர்தான். அடுத்த நாள் தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பேரும் வாளியோடு சந்தித்துக்கொண்டோம்.

வலை கட்டுகிற சனம்

மடுவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே கொடியேறினால் காடு ஊராகிவிடும். மன்னார்த் தீவு, யாழ்ப்பாணம், வவுனியா, தெற்கே சிலாபம், நீர்கொழும்பு என்று நாலா பக்கத்திலிருந்தும் சனம் வரும். கிறிஸ்தவ வேதக்காரர் மட்டும் என்றில்லை. நெற்றியில் திருநீறோடு வருகிறவர்களும், வெள்ளை உடுத்துப் பூத்தட்டோடு வருகிற சிங்களச் சனமும் மாதாவின் முன்னால் ஒரே நெரிசலில்தான் நிற்பார்கள். மரத்துக்கு மரம் கூடாரம். மூன்று கல் வைத்து அடுப்பு. செம்மண் புழுதி சோற்றிலும் இருக்கும், தலையணையிலும் இருக்கும். அந்த மண்ணில் ஒரு பிடியைச் சீலைத் தலைப்பில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோவோம். பாம்பு அண்டாது, நோய் அண்டாது என்று நம்பிக்கை.

முதலில் வருகிறவர்கள் பின்னால் வருகிறவர்களுக்கு இடம் பிடித்து வைப்பது அங்கே வழக்கம். மற்றவர்கள் பாய் விரிப்பார்கள், சீலை கட்டுவார்கள். நாங்கள் அரிப்புக் கரைச் சனம். பழுதான வலையைச் சுருட்டிக்கொண்டு போவோம். நான்கு தடி நட்டு வலையைக் கட்டிவிட்டால் அதற்குள் இன்னொருவர் கால் வைக்கமாட்டார். கடலில் ஒருவர் வலை போட்ட இடத்தில் மற்றவர் போடாததுபோல அது ஒரு மரியாதை. வலையைத் தூக்கி உள்ளே விடுகிற உரிமை கட்டியவருக்கு மட்டும்தான்.

அந்தப் பாலை மரம் எங்கள் குடும்பத்துக்கு அப்பா காலத்திலிருந்து பழக்கம். சண்டைக் காலத்தில் அதே மரத்தடியில் எட்டு மாதம் அகதியாகவும் இருந்தோம். திருவிழாவுக்குப் பிடிக்கிற இடத்தில் நிவாரண அரிசிக்குக் காத்திருந்தது ஒரு விதமான அனுபவம். பிறகு ஒரு வருசம் மாதாவின் சுருவமே, அந்தச் சிலையே, கோயிலை விட்டு இடம்பெயர்ந்து திரும்பி வந்தது. அப்போது எங்கள் ஆட்கள், “அவவுக்கும் எங்கட நிலைமைதான்” என்று சொல்லி அழுதார்கள்.

என் தம்பி அருள் திருவிழாவுக்கு ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. வேஸ்பர் அன்றைக்கு, அதாவது பெருவிழாவுக்கு முந்திய நாள் பின்னேரம், சைக்கிளில் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்வான். கையில் எப்போதும் ஏதாவது இருக்கும், கருவாட்டுப் பொட்டலமோ தர்ப்பூசணியோ. அதனால் குனிந்து, வலையைத் தலையால் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைவான். வலை அவன் தலைமயிரில் சிக்கும். “அக்கா, மீன் பட்டிட்டுது, எடு” என்பான்.

சண்டையின் கடைசி மாதங்களில் அவன் காணாமல் போனான். செத்துவிட்டான் என்று யாரும் வந்து சொல்லவில்லை. இருக்கிறான் என்றும் சொல்லவில்லை.

ஸ்டெல்லா அக்கா

சண்டை முடிந்து மடுவுக்குப் பாதை திறந்த பிறகு வந்த ஆவணியில் நானும் அந்தோனியும் மடுவுக்குப் போனோம். எங்கள் கூடாரத்தைப் போட்டு முடித்ததும் நான் மரத்தின் மறுபக்கம் நான்கு தடிகளை நட்டு வலையைக் கட்டி, உள்ளே ஒரு பாயும் ஒரு தலையணையும் போட்டேன். யாருக்கு என்று அந்தோனி கேட்கவில்லை. தடியைப் பிடித்துக்கொண்டு மட்டும் நின்றார்.

அந்த வருசம் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தது. நிழல் இருந்த இடமெல்லாம் ஆள். சிலாபத்துக்குப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், பானை சட்டியோடு வெயிலில் நின்று எங்கள் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களில் ஐம்பத்தைந்து, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தடித்த உடம்பு, கையில் சீலைக் குடை, என்னிடம் வந்தாள். அவர்களும் கடற்கரைச் சனம். தமிழும் சிங்களமும் கலந்து பேசினாள்.

“நங்கி, இதுல யாரும் வருவாங்களா?”

நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. வருவான் என்று சொல்ல வாய் வரவில்லை, வரமாட்டான் என்று சொல்லவும் வரவில்லை. எழுந்துபோய் வலையைத் தூக்கிப் பிடித்தேன். அவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே போனார்கள்.

அப்படித்தான் ஸ்டெல்லா அக்கா என் வாழ்க்கைக்குள் வந்தாள். பிறகு வந்த ஆவணிகளிலெல்லாம் நான் அவளுக்காகத்தான் வலை கட்டினேன். வருசத்தில் பத்து நாள் சிநேகம். அவள் தேங்காய்ப் பாலில் மீன் வைப்பாள், நான் புளி விட்டு வைப்பேன். அவளுடையது மீன் பாயசம் என்று நான் சொல்வேன். என்னுடையதைச் சாப்பிட்டால் பல் கூசுகிறது என்று அவள் சொல்வாள். இரண்டு சட்டியும் காலியாகிவிடும். நத்தாருக்குத் தவறாமல் கார்டு போடுவாள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பாள். வாசிக்க அரை நாள் பிடிக்கும்.

நான்காவது வருசமோ என்னவோ, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது தன் தம்பி ஒருவன் ராணுவத்தில் இருந்ததாகவும் திரும்பி வரவில்லை என்றும் சொன்னாள். எனக்கும் ஒரு தம்பி இருந்தான் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மிச்ச வெங்காயத்தையும் என்னிடமிருந்து வாங்கித் தானே உரித்தாள். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. அவள் இருக்கிற இடம் யாருக்கென்று பிடித்த இடம் என்பதை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

இடம் வை

நோய்க் காலத்தில் இரண்டு திருவிழா சனமில்லாமல் போனது. அடுத்தது, எரிபொருளுக்கு நாடே நாள் கணக்கில் காத்து நின்ற பெற்றோல் வரிசை வருசம். மண்ணெண்ணெய் இல்லாமல் அரிப்பில் வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்தன. ஆடி மாதக் கடைசியில் ஸ்டெல்லா அக்கா போன் எடுத்தாள்.

“நங்கி, எனக்கு எழுவது ஆச்சு. சீனி வருத்தத்துல கால் ஒண்டு புண்ணாயிட்டுது. இந்த வருசம் மாதாவப் பாக்காட்டி இனிப் பாக்க மாட்டன். எப்பிடியும் வருவன். எனக்கு இடம் வை.”

“வைக்கிறன் அக்கா. ஒருத்தரையும் விடமாட்டன்” என்றேன். அந்த இரண்டாவது வசனம் அவள் கேட்டுக்கொண்டதல்ல. நானாகச் சேர்த்தது.

வள்ளங்கள் வைத்திருக்கிற எங்கள் ஊர்ச் சம்மாட்டி ஒருவரின் உழவு மெசினில் ஏறி, முருங்கன் வழியாகக் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்ந்தோம். வலையைக் கட்டினேன். பஸ்கள் குறைவு என்பதால் தெற்குச் சனம் குறைவு. ஆனால் சுற்றுவட்டாரச் சனம் நடந்தும் சைக்கிளிலும் வந்து மரத்தடிகளையெல்லாம் நிரப்பிவிட்டார்கள். மழையைக் கண்டு மாதக் கணக்காகியிருந்தது. வெயில் என்றால் அப்படியொரு வெயில்.

வேஸ்பருக்கு இரண்டு நாள் இருக்கையில்தான் அந்தப் பெண் வந்தாள். பெயர் புஷ்பம். தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து மடு றோட்டுப் பக்கம் குடியேறிய மலையகக் குடும்பம். புருசன் செல்வம் வயலில் கூலி வேலை. நெற்றியில் பொட்டு. கல்யாணம் கட்டி ஐந்து வருசம் பிள்ளையில்லாமல் இருந்து, மடு மண்ணை வைத்து வேண்டிப் பிறந்த பிள்ளை. பெருவிழா அன்றைக்கு மாதாவின் முன்னால் பிள்ளையைத் தரையில் கிடத்தி எடுப்பதாக நேர்த்தி. பெண் குழந்தை, மூன்று மாதம்.

“அம்மா, யாரும் இல்லாட்டி இந்த ஓரத்துல புள்ளைய மட்டும் படுக்க வச்சுக்கட்டுங்களா?”

“ஆக்கள் வாற இடம் பிள்ளை. வேற மரம் பாருங்கோ.”

அவள் போகவில்லை. போவதற்கு மரம் இல்லை. வலைக்கு வெளியே ஒரு சீலையைத் தடியில் கட்டி, அதன் கீழே பிள்ளையை வைத்துக்கொண்டார்கள். மெல்லிய சீலை. வெயில் அதை ஊடுருவி இறங்கியது. பிள்ளையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. அழுகை நிற்கவில்லை.

அந்தோனி மனிதர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

“வலையை அவிட்டு விடு திரேசா. ஸ்டெல்லா அக்கா வந்தா எல்லாரும் ஒதுங்கி இருக்கலாம்தானே.”

“நான் வாக்குக் குடுத்தனான்.”

“பிள்ளை வதங்குது.”

“அப்ப நீங்கள் உங்கட கூடாரத்தைக் குடுங்கோவன்” என்று வெடுக்கென்று சொன்னேன். எங்கள் கூடாரத்தில் ஏற்கனவே என் நாத்தனார் வீட்டுச் சனம் ஆறு பேர். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் எழுந்து தண்ணீர்க் குழாயடிக்குப் போய்விட்டார்.

என் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்கே விளங்கவில்லை. வலையைத் தூக்கினால் ஸ்டெல்லா அக்கா வரமாட்டாள் என்று மனதில் ஒரு பயம். ஒரு முறை தூக்கினேன், தம்பி வரவில்லை. இரண்டாம் முறையும் தூக்கச் சொல்கிறார்களே என்று எனக்கு எல்லோர் மேலும் கோபம்.

மூன்றாம் நாள், நான் முதலில் எழுதிய அந்த உச்சி வெயிலில், புஷ்பம் மறுபடியும் வந்து நின்றாள். வாய் திறந்து கேட்கக்கூட இல்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிழலைப் பார்த்தபடி நின்றாள், அவ்வளவுதான். அந்தப் பார்வை எனக்குப் பொறுக்கவில்லை.

“தோட்டத்து வெயிலுக்க நிண்டு வேலை செய்த ஆக்கள்தானே நீங்கள். ரெண்டு நாள் தாங்கமாட்டீங்களே?”

இதை நான்தான் சொன்னேன். முப்பது வருசம் கவுண்டருக்குப் பின்னால் நின்று எல்லாச் சனத்துக்கும் ஒரே மாதிரி முத்திரை குத்தியவள் என்று பெருமை பேசுகிற நான்.

புஷ்பம் கோபப்படவில்லை. “மலையில வெயில் இல்லைங்கம்மா. குளிருன்னு எங்கம்மா சொல்லும். நான் பாத்ததில்ல. நான் பொறந்தது இங்கதான்” என்றாள். சீலையை அவிழ்த்து மடித்தாள். புருசனும் அவளும் பையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்கள்.

பிள்ளையின் அழுகைச் சத்தம் நின்றதும் நான் நிம்மதியாக இருப்பேன் என்று நினைத்தேன். இருக்க முடியவில்லை.

“யார் இருக்காங்க?”

மூன்று மணி போல போன் அடித்தது.

“பஸ் இல்ல நங்கி. டீசலுக்கு மூணு நாளா லைன்ல நிண்டு பாத்தான் பஸ்காரன். கிடைக்கல்ல. நான் உடுத்து, பையோட வாசல்ல குந்திக்கிட்டே இருந்தன்.” குரல் உடைந்திருந்தது.

“பறவாயில்லை அக்கா. உங்கட இடம் அப்பிடியே இருக்கு. ஒருத்தரையும் விடேல்லை” என்றேன். அவளுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன்.

அவள் திருப்பிக் கேட்டாள்.

“யார் இருக்காங்க அதுல?”

“ஒருத்தரும் இல்லை அக்கா.”

“அங்க வெயில் எப்பிடி?”

“எரிக்குது.”

“அப்ப ஏன் நங்கி சும்மா கிடக்குது?” என்றாள். அவள் மெதுவாகச் சொன்னாள். “முதல் வருசம் நீ எங்கள உள்ள விட்டியே. அது உன் தம்பிக்குக் கட்டின இடம்தானே. பாய் விரிச்சிருந்த. ஒரு தலகாணி வச்சிருந்த. ஒரு ஆளுக்கு வச்ச மாதிரி. வராத ஒரு ஆளுக்குன்னு நான் அண்டைக்கே விளங்கிக்கிட்டன், நீ தம்பியச் சொன்னப்ப யாருக்குன்னும் விளங்கிச்சு. அந்தத் தலகாணியில நாங்க ஒருத்தரும் தல வைக்கல்ல, நீ பாக்கல்லையா?”

நான் பார்க்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருசமாக எனக்கு மட்டும் தெரியும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தது அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. போனைப் பிடித்துக்கொண்டு, அத்தனை சனத்துக்கு நடுவில், நான் வாய்விட்டு அழுதேன். அவளும் அங்கே அழுதாள். பிறகு அவள்தான் முதலில் மூக்கைச் சிந்தினாள்.

“போ நங்கி. யாராவது வெயில்ல இருப்பாங்க.”

தேடிப் போனது

வேஸ்பருக்குச் சனம் திரண்டுகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் செபமாலை தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. நான் செருப்பையும் போடாமல் ஓடினேன். அந்தோனி என்னவென்று கேட்காமல் பின்னால் வந்தார். குழாயடியில் இல்லை, முதலுதவிக் கொட்டிலில் இல்லை. தொதலும் பேரீச்சம்பழமும் விற்கிற கடைகள், செபமாலைக் கடைகள், வளையல் கடைகள் எல்லாவற்றிலும் எட்டிப் பார்த்தேன். பிள்ளை வைத்திருந்த பெண்களின் தோளைத் தொட்டுத் திருப்பி இரண்டு பேரிடம் பேச்சும் வாங்கினேன்.

கடைகளுக்குப் பின்னால் ஒரு பழுதான பஸ் நின்றது. அதன் நிழலில் அவர்கள் இருந்தார்கள். மத்தியானம் ஒரு பக்கம் இருந்து, நிழல் நகர நகரப் பஸ்ஸைச் சுற்றி வந்திருக்கிறார்கள். பிள்ளை புஷ்பத்தின் மடியில் தூங்கியது. முகம் சிவந்து வாடிப்போயிருந்தது.

“பிள்ளை, எழும்பி வாங்கோ. மரத்தடியில வந்து இருங்கோ.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “வேணாங்கம்மா. உங்க ஆளுங்க வந்துட்டா மறுபடி எந்திரிக்கணும். புள்ள இப்பதான் தூங்குது.”

“வரமாட்டினம்.”

“யாருங்கம்மா?”

“ஸ்டெல்லா அக்கா இந்த முறை வரமாட்டா, பஸ் இல்லை.” அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் வாய் நிற்கவில்லை. “என்ர தம்பி வரமாட்டான். அவன் இனி வரமாட்டான் பிள்ளை. ஒருத்தரும் வாறதுக்கு இல்லை. நீங்கள் வாங்கோ.”

அவளுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. யார் தம்பி, என்ன கதை என்று அவளுக்கு எப்படித் தெரியும். ஆனால் பின்னால் நின்ற அந்தோனிக்கு விளங்கியது. அவ்வளவு வருசத்தில் நான் அதைச் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் குனிந்து அவர்களுடைய பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். முகத்தை என்னிடம் காட்டவில்லை.

நடக்கும்போது புஷ்பத்திடம் மன்னிப்புக் கேட்டேன். “நான் சொன்ன கதை பிழை. மனதில வைச்சிருக்காதையுங்கோ.”

“வலிச்சதுங்கம்மா” என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “புள்ளைக்கு நெழல் வேணும், அதான் வர்றேன்” என்றாள். நேர்மையான பேச்சு. பரவாயில்லை என்று அவள் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்திருக்கும்.

நான் வலையைத் தூக்கிப் பிடித்தேன். அவர்கள் உள்ளே போனார்கள். அந்தோனி ஒரு பக்கத்து வலையை அவிழ்த்து, இரண்டாக மடித்து, பாலைக் கொப்பில் ஏணை கட்டினார். தூளி என்று செல்வம் சொன்னான். உள்ளே என் பழைய சீலையை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினோம். காற்று வலைக் கண்களுக்குள்ளால் வந்தது. வேஸ்பர் முடிந்து நாங்கள் திரும்பி வரும்வரை அது கண் விழிக்கவில்லை.

மறுநாள் காலை மாதாவின் முன்னால் நேர்த்தி முடிந்தது. பிள்ளையைத் தரையில் கிடத்தி எடுக்கும்போது, அந்த நெரிசலில் யாரும் மிதித்துவிடாமல் நானும் அந்தோனியும் இரண்டு பக்கமும் கையை விரித்துக்கொண்டு நின்றோம்.

போன ஆவணி

போன வருசம் நாங்கள் நேரத்துக்குப் போகவில்லை. அந்தோனிக்கு முழங்கால் வருத்தம், எனக்கு வயது. வேஸ்பர் அன்றைக்குப் பின்னேரம்தான் மடுவில் இறங்கினோம். இந்த நேரத்தில் மரமாவது நிழலாவது என்று புறுபுறுத்துக்கொண்டே போனேன்.

பாலை மரத்தடியில் பச்சை வலை கட்டியிருந்தது. முந்திய வருசம் நான் புஷ்பத்திடம் விட்டுவிட்டுப் போன அதே வலை. தடிகளும் நேராக நட்டிருந்தன. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால், உள்ளே முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர். வெள்ளை உடுத்த ஒரு வயதான அம்மா எங்கள் இடத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தா. கோபத்தில் என் மூக்கு சிவந்தது. இந்த வயதிலும் அது மட்டும் குறையவில்லை.

புஷ்பம் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். பின்னால் மகள், ஒரு கையில் பிஸ்கற், வாயெல்லாம் செம்மண்.

“உங்களுக்குத்தாங்கம்மா கட்டி வச்சேன். இவங்க அனுராதபுரப் பக்கமாம். வெயில்ல நின்னாங்க. உள்ள விட்டுட்டேன். நீங்க வந்தா ஒதுங்கிக்குவாங்க.”

வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அந்தோனி சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஸ்டெல்லா அக்கா. அவளால் இப்போது கட்டிலை விட்டு இறங்க முடியாது. ஒரு காலை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் வேஸ்பர் நாளில் போன் எடுக்கத் தவறவில்லை. எடுத்ததும் ஒரே கேள்விதான்.

“யார் இருக்காங்க நங்கி?”

புஷ்பம், செல்வம், மகள், செல்வத்தின் தாய், அனுராதபுரச் சனம் ஏழெட்டு என்று ஒவ்வொருவராகச் சொன்னேன். “உங்களுக்கு இடமில்லை அக்கா. எனக்கும் இடமில்லை.”

அவள் சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள். “நல்லம் நங்கி, நல்லம்” என்றாள்.

உள்ளே இருந்தவர்கள் நாங்கள் யாரென்று விளங்கிக்கொண்டு ஒருவரோடு ஒருவர் நெருங்கி உட்கார்ந்தார்கள். அந்த வயதான அம்மா காலை மடக்கி, தன் பாயின் பாதியைக் கையால் தட்டிக் காட்டினா. என் ஒரு கையில் பை, மறு கையில் மீன்சட்டி. வலையைத் தூக்கக் கை இல்லை. குனிந்து, தலையால் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். தலைமயிரில் சிக்கியது. புஷ்பத்தின் மகள் வந்து எடுத்துவிட்டாள்.